மின்னஞ்சல் கடைமடை வரை வரவேண்டும்: பெரு நிறுவனங்களுக்கு டெல்டாவிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: பெரு நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பம், கொள்முதல், கணக்குப் பிரிவுகளின் தலைவர்கள்

மதிப்புக்குரியீர்,

வணக்கம். தூயமல்லி, கருப்புக்கவுனி, மாப்பிள்ளைச் சம்பா என்று பெயர் போட்டு உங்கள் கடைகளில் விற்கும் அரிசிப் பைகளில் ஒரு பகுதி, திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலம், மன்னார்குடி வட்டாரத்து வயல்களில் விளைந்தது. அதை வாங்குவது நீங்கள். விளைவித்து, அரைத்து, மூட்டை கட்டி அனுப்புவது எங்களைப் போன்ற உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். இருவருக்கும் இடையே நடக்கும் வணிகத்தில் நேரில் பார்த்துப் பேசுவது அபூர்வம். ஆர்டர், ஆர்டரில் திருத்தம், தர அறிக்கை, பில், பணம் போட்ட விவரம் எல்லாமே மின்னஞ்சலில்தான். அந்த மின்னஞ்சல் ஒழுங்காக வந்து சேர்வதில்லை, நாங்கள் அனுப்புவதும் உங்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை என்பதைச் சொல்லவே இந்த மடல்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் மின்னஞ்சல் சர்வர்களைக் கவனிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இப்போது சொந்த ஊரில் ஓர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். அனுப்பும் பெரிய இடத்தின் சிக்கலும் தெரியும், வாங்கும் சிறிய இடத்தின் அவதியும் தெரியும். அதனால், இது சரிசெய்ய முடியாத தொழில்நுட்பக் கோளாறு என்று யாராவது சொன்னால் நான் ஏற்பதாக இல்லை. இது பொறுப்பு யாருக்கும் ஒதுக்கப்படாததால் வரும் கோளாறு.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐப்பசி மாதம், நல்ல மழை. ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து வந்த ஆர்டர்படி தூயமல்லி அரிசியை 25 கிலோ பைகளில் கட்டி, லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு இரவோடு இரவாக அனுப்பினோம். விடிந்ததும் சென்னைக்கு வெளியே இருக்கும் அவர்கள் கிடங்கின் வாசலில் லாரியை நிறுத்திவிட்டார்கள். ஆர்டர் 10 கிலோ பைகளுக்கு மாற்றப்பட்டுவிட்டதாம், திருத்தம் அனுப்பியாகிவிட்டதாம். எங்கள் இன்பாக்ஸில் அப்படி எதுவும் இல்லை. ஸ்பேம் பெட்டியிலும் இல்லை. கொள்முதல் பிரிவில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "எங்கள் திரையில் அனுப்பப்பட்டது என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. லாரி திரும்பி வந்தது. வாடகையும் காத்திருப்புக் கூலியும் எங்கள் கணக்கில் ஏறின. மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்கள், தைத்த பைகளைப் பிரித்து, அரிசியை மறுபடி எடைபோட்டுச் சீல் வைத்தார்கள். வெளியே மழை நிற்கவில்லை. பிரித்த அரிசியில் ஈரம் ஏறிவிடக் கூடாதே என்று கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு விளக்கு வெளிச்சத்தில் அந்த வேலை நடந்தது.

விடாமல் போன் செய்து, அந்த நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் ஒரு பொறியாளரைப் பிடித்தேன். நல்ல மனிதர். தேடிப் பார்த்து ஒரு வரியை எடுத்துக் கொடுத்தார். 550 5.7.26 என்று தொடங்கும் மறுப்புச் செய்தி அது. உங்கள் பொறியாளர்களுக்கு அந்த எண் தெரிந்திருக்கும்: அஞ்சலை அனுப்பியவர் இன்னார்தான் என்று உறுதிப்படுத்த முடியவில்லை, ஆகவே வாங்க மாட்டேன் என்று பெறும் சர்வர் வாசலிலேயே திருப்பிவிட்டது. திருப்பச் சொல்லியிருந்தது யார்? அந்த நிறுவனமேதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் உங்களில் பலருடைய நிறுவனத்திலும் இதே நிலை இருக்கக்கூடும். ஒரு டொமைன் பெயரில், அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரில், போலி அஞ்சல் போகாமல் தடுக்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பும் உரிமை எந்தெந்த சர்வர்களுக்கு உண்டு என்று பட்டியலிடுவது எஸ்பிஎஃப். அஞ்சலில் மின்னணுக் கையொப்பம் இடுவது டிகிம். இந்த இரண்டில் ஒன்றுகூட அனுப்புநரின் டொமைனோடு பொருந்தாவிட்டால் அஞ்சலை என்ன செய்யவேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்லி வைப்பது டிமார்க். அந்த நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு, அதுவரை வெறுமனே கண்காணிப்பில் இருந்த டிமார்க்கை "நிராகரி" என்று மாற்றியிருக்கிறது. செய்ய வேண்டிய வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்டர் திருத்தங்களை அனுப்புவது அவர்களுடைய சொந்த சர்வர் அல்ல. எங்களைப் போன்றோருக்கு ஆர்டர் அனுப்பும் விற்பனையாளர் தளத்துக்காகக் கொள்முதல் பிரிவு ஒப்பந்தம் போட்டிருந்த ஒரு வெளிச் சேவை. அந்த வெளிச் சேவை, பெரிய நிறுவனத்தின் பெயரில் கையொப்பமிட ஏற்பாடு செய்யப்படவே இல்லை. தன் வீட்டு அஞ்சலையே கள்ள அஞ்சல் என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டார்கள். மறுக்கப்பட்ட செய்தி அந்த வெளிச் சேவையின் பதிவேட்டில் ஒரு வரியாகக் கிடந்தது. அதைத் திறந்து பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல. விற்பனையாளர் தளமோ, அஞ்சலை வெளிச் சேவையிடம் ஒப்படைத்த நொடியிலேயே பச்சை விளக்கைப் போட்டுவிட்டது.

டெல்டாவில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பச்சை விளக்கு புதிதல்ல. ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்து பூத்தூவினால் மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். வேதாரண்யம், கீழையூர்ப் பக்கத்து விவசாயி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு விதைவிட மாட்டார். கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, கிளை ஆறு, வாய்க்கால் என்று இறங்கித் தன் மடையில் தண்ணீர் ஏறிய பிறகுதான் அவர் நம்புவார். அணையில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்பது அணையின் கணக்கு; கடைமடையில் எத்தனை அங்குலம் நிற்கிறது என்பதே விவசாயத்தின் கணக்கு. நடுவில் எங்கே உடைப்பு, எந்த மதகு அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கரையோடு நடந்து பார்க்க லஸ்கர்கள் என்ற பாசன ஊழியர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது என்று ஊருக்குத் தெரியும். உங்கள் நிறுவனத்தில் மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு ஆள் உண்டா?

இருக்கும் இடங்கள் குறைவு என்பது என் அனுபவம். மின்னஞ்சல் சேவையை வாங்குவது ஒரு பிரிவு. டொமைன் பதிவுகளை வைத்திருப்பது இன்னொரு பிரிவு. பாதுகாப்பு மூன்றாவது பிரிவு. விளம்பரப் பிரிவும், மனிதவளப் பிரிவும், பயண ஏற்பாடும், புகார் தளமும் ஆளுக்கொரு வெளிச் சேவையைக் கொண்டுவந்து, எஸ்பிஎஃப் பட்டியலில் எங்களையும் சேருங்கள் என்பார்கள். அந்தப் பட்டியலைச் சரிபார்க்கும்போது 10 முறைக்கு மேல் டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் தேடல் போகக் கூடாது என்று நியமம் இருக்கிறது. பதினோராவது தேடலைக் கொண்டுவரும் சேவை, தான் மட்டும் கெடாமல் முழுப் பட்டியலையும் செல்லாததாக்கிவிடக்கூடும். யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை ஒரு கருத்துக்கணிப்புச் சேவையைச் சேர்த்துவிட்டுப் போவார். திங்கட்கிழமை பில்லுக்குப் பதில் போகாது. டிமார்க் அறிக்கைகளில் இதெல்லாம் பதிவாகி வரும். பெரிய அஞ்சல் சேவைகள் நாள்தோறும் அனுப்பும் அந்த அறிக்கைகளுக்கு முகவரி கொடுத்திருப்பார்கள், அந்தப் பெட்டியை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

விளம்பர அஞ்சல்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் மேலே சொன்ன மூன்றையும் வைத்திருக்க வேண்டும். விளம்பர அஞ்சல் வேண்டாம் என்பவர் ஒரே சொடுக்கில் விலக வழி வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்வோர் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. தீபாவளித் தள்ளுபடி அஞ்சலை லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்பும் அதே டொமைனிலிருந்து எங்களுக்கான ஆர்டரையும் அனுப்பினால், தள்ளுபடி அஞ்சலால் எரிச்சலடைந்தவர்கள் அழுத்தும் ஸ்பேம் பொத்தான் எங்கள் ஆர்டரையும் சேர்த்துத்தான் புதைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் அஞ்சல்கள் எங்கள் ஸ்பேம் பெட்டியில் அதிகமாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். விளம்பரத்துக்கு ஒரு துணை டொமைன், வணிக ஆவணங்களுக்கு வேறொன்று என்று பிரிப்பதற்குப் பெரிய செலவில்லை.

இது நீங்கள் அனுப்புவது பற்றி. நாங்கள் அனுப்புவதற்கு உங்கள் வாசலில் நேர்வது இதைவிட மோசம்.

எங்கள் பில் உங்கள் சர்வருக்கு வருகிறது. அது 250 என்று பதில் சொல்கிறது, அதாவது வாங்கிக்கொண்டேன் என்று. அதன்பிறகு உள்ளே இருக்கும் வடிகட்டி, இது சின்ன டொமைன், இணைப்பு இருக்கிறது, பணம் பற்றிய பேச்சு இருக்கிறது என்று சந்தேகப்பட்டு ஒரு தனிமைப் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறது. உங்கள் கணக்குப் பிரிவுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. சில நாள் கழித்து அந்தப் பெட்டி தானாகவே காலியாகிவிடும்.

மின்னஞ்சலை எடுத்துச் செல்லும் எஸ்எம்டிபி முறையை 1982-இல் ஜான் போஸ்டெல் எழுதி வைத்தார். அதைத் திருத்தி 2008-இல் வந்த நியம ஆவணம் ஆர்எஃப்சி 5321. ஒரு சர்வர் அஞ்சலை ஏற்றுக்கொண்டேன் என்று சொன்ன கணத்தில் அதைச் சேர்ப்பிக்கும் பொறுப்பும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் பொறுப்பும் தன்னுடையதாகிறது என்று அது தெளிவாகவே சொல்கிறது. பின்னால் கணினி செயலிழந்தது போன்ற காரணங்களுக்காகக்கூட அஞ்சலைத் தொலைக்கக் கூடாது என்கிறது. நம் நாட்டுச் சட்டமும் பேசுகிறது: 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 13-ஆவது பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, பெறுநர் குறித்துக் கொடுத்த கணினி அமைப்புக்குள் ஆவணம் நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரம். பில் அனுப்ப முகவரி கொடுத்தது நீங்கள். உங்கள் சர்வருக்குள் அது நுழைந்துவிட்டது. வடிகட்டி விழுங்கிவிட்டது என்பது உங்கள் வீட்டுக்குள் நடந்த விஷயம்.

ஆனால் நடைமுறையில் யார் நஷ்டப்படுகிறார்கள்? குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம், வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது. அந்த நாட்களைச் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணவேண்டும். உங்கள் கணக்குப் பிரிவோ பில் கண்ணில் பட்ட நாளிலிருந்து எண்ணுகிறது. பில் வரவில்லையே, மறுபடி அனுப்புங்கள் என்ற பதில் ஒரு மாதம் கழித்து வந்தால், கணக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. இங்கே குறுவைப் பணம் வந்தால்தான் சம்பாவுக்கு உரம் வாங்குவார்கள், களையெடுக்க ஆள் வைப்பார்கள். பணம் தாமதமானால் உரம் காத்திருக்காது. வீட்டிலிருக்கும் நகை கூட்டுறவு சங்கத்துக்கோ அடகுக் கடைக்கோ போகும். உங்கள் தனிமைப் பெட்டியில் தூங்கும் ஓர் அஞ்சலுக்கு எங்கள் உறுப்பினர் வட்டி கட்டுகிறார். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சந்தேகமான அஞ்சலை உள்ளே விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் வாசலிலேயே மறுத்துவிடுங்கள். 550 என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிடமே எங்களுக்குத் தெரியும், போனை எடுப்போம். ஏற்றுக்கொண்டதுபோல் காட்டிவிட்டு ஓசையில்லாமல் போட்டுவிடுவதுதான் கொடுமை. இன்னொன்று, போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரியை ஒவ்வொரு அஞ்சல் டொமைனும் வைத்திருக்க வேண்டும் என்பது அதே நியமத்தின் விதி. சில பெரிய நிறுவனங்களில் அந்த முகவரிக்கு எழுதினால் அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று திரும்பி வருகிறது. கதவைத் தட்டுவதற்கே இடமில்லாமல் செய்துவிட்டு, "இது தானியங்கி அஞ்சல், பதில் எழுத வேண்டாம்" என்று அடியில் போடுகிறீர்கள். ஆர்டரில் ஒரு எழுத்துப்பிழை இருந்தால் எங்கே எழுதுவது?

இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் பாருங்கள். மின்னஞ்சலை நம்ப முடியாததால் உங்கள் ஊழியர்களே "வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள் சார்" என்கிறார்கள். நாங்களும் போடுகிறோம். விலை, தேதி, தர விலக்கு எல்லாம் ஒருவருடைய சொந்த போனுக்குள் போய்விடுகிறது. அவர் வேலை மாறினால் அந்தப் பேச்சும் அவரோடு போய்விடும். புதிதாக வந்தவர், அப்படி ஒப்புக்கொண்டதற்கு ஆவணம் எங்கே என்று கேட்பார். அதைவிட ஆபத்து, அதிகாரபூர்வ முகவரியிலிருந்து வராத செய்தியையும் நம்பப் பழகிவிடுவது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் பணத்தை இதில் போடுங்கள் என்று விற்பனையாளர் பெயரில் போலி அஞ்சல் அனுப்பும் மோசடி உலகம் முழுவதும் நடக்கிறது. இந்த வகை மோசடியில் மட்டும் 2023-இல் சுமார் 290 கோடி டாலர் இழப்பு என்று அமெரிக்காவின் எஃப்பிஐக்கு வந்த புகார்கள் சொல்கின்றன. எது உண்மையான வழி என்று இரு தரப்புக்கும் திடமாகத் தெரிந்திருந்தால்தான் கள்ள வழி கண்ணில் படும்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியும். பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் வந்து மோதும் அஞ்சலில் குப்பைக்கு அளவே இல்லை. வடிகட்டியைத் தளர்த்தினால் ஒரு நாள் தாங்காது. எங்கள் பக்கத்திலும் கோளாறு உண்டு. எங்கள் உறுப்பினர்களிலும் சிறு ஆலைக்காரர்களிலும் பலருக்கு ஜிமெயில்தான். அதன் இலவச 15 ஜிபி இடத்தைப் புகைப்படங்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பேரன் பிறந்தநாள் வீடியோக்களால் இடம் நிரம்பிவிட்டால் அஞ்சல் ஏறாது. அது தற்காலிகச் சிக்கல். இரண்டு வீடியோவை நீக்கினால் தீர்ந்துவிடும். ஆனால் அனுப்பும் தரப்பில் அந்த முகவரியை "சேராதது" என்ற பட்டியலில் ஏற்றிவிட்டால், அதன்பின் அவர் எவ்வளவு இடம் காலி செய்தாலும் ஓர் அஞ்சல்கூட அவருக்குப் புறப்படவே புறப்படாது. முகவரி அடியோடு இல்லாமல் போவதும், பெட்டி அன்றைக்கு நிரம்பியிருப்பதும் ஒன்றல்ல. நான்கில் தொடங்கும் பதிலையும் (தற்காலிகத் தடை) ஐந்தில் தொடங்கும் பதிலையும் (நிரந்தர மறுப்பு) எஸ்எம்டிபி வேறுபடுத்தியிருப்பது இதற்காகத்தான். தற்காலிகத் தடை என்றால் நான்கைந்து நாளாவது மறுபடி மறுபடி முயலுங்கள் என்கிறது நியமம். சிலர் சில மணி நேரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

நாலைந்து நாள் என்பது எங்கள் ஊருக்குப் பெரிய விஷயமல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே ஓர் அலுவலகம் இரண்டு மூன்று நாள் இணையம் இல்லாமல் இருப்பது சாதாரணம். 24 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் ஆர்டர் ரத்து என்ற நிபந்தனையை அந்த வாரங்களில் இயந்திரத்திடம் விட்டுவிடாதீர்கள். ஒரு போன் செய்யுங்கள்.

கேட்பதைச் சுருக்கமாகவே கேட்கிறேன். வணிக அஞ்சல்கள் போய்ச் சேர்வதற்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். டொமைன் பதிவு, வெளிச் சேவைகள், வடிகட்டி மூன்றிலும் கைவைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும்; அவரைக் கேட்காமல் எந்தப் பிரிவும் உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பும் சேவையை வாங்க முடியாதபடி செய்யுங்கள். திரும்பி வந்த அஞ்சல்களை அவர் தினமும் பார்க்கட்டும். ஆர்டரோ திருத்தமோ திரும்பி வந்திருந்தால் அன்றைக்கே கொள்முதல் பிரிவு எங்களை போனில் அழைக்கட்டும். விற்பனையாளர் தளத்தில் பச்சை விளக்கு, பெறும் சர்வர் ஏற்றுக்கொண்ட பிறகு மட்டும் எரியட்டும். பதிவு பெற்ற விற்பனையாளர்களின் முகவரிகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. டிகிம் கையொப்பம் சரியாக இருக்கும் அவர்களுடைய பில்களைத் தனிமைப் பெட்டிக்கு அனுப்பும் முன் ஒரு மனிதர் பார்க்கட்டும். எங்கள் பங்குக்கு நாங்களும் செய்கிறோம். எங்கள் டொமைனில் மூன்று ஏற்பாடுகளும் சரியாக இருக்கின்றன. பக்கத்து உற்பத்தியாளர் நிறுவனங்கள் கேட்டால் அமைத்துக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன்.

சம்பா அறுவடை தை மாதத்தில் மும்முரமாகும். அதற்கான ஆர்டர்கள் மார்கழியிலேயே வரத் தொடங்கும். அதற்குள் உங்கள் விற்பனையாளர் தளத்திலிருந்து, பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு சோதனை அஞ்சல் அனுப்பி, பதில் வராத முகவரிகளை ஒவ்வொன்றாகப் போனில் விசாரியுங்கள். எங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்கள் கொள்முதல் பிரிவிடம் இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு மேல் எப்போது அழைத்தாலும் எடுப்போம்.

இப்படிக்கு,
அலுவலகப் பொறுப்பாளர்,
ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்